புதிது என்று விற்கப்பட்ட பழைய ராம்: மடிக்கணினி வைத்திருப்போர் கவனத்திற்கு

மடிக்கணினிக்குத் தாங்களே ராம் (தற்காலிக நினைவகம்) வாங்கிப் பொருத்த நினைப்பவர்கள், அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிட வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் உள்ள ஒரு கடையில், பெயர்பெற்ற நிறுவனத்தின் 16 ஜிபி டிடிஆர்4 (ராமின் நான்காம் தலைமுறை வகை), 3200 வேகம், புத்தம் புதியது என்று சொல்லி எனக்கு விற்கப்பட்டது, 2017-இல் தயாராகி வேறு ஏதோ ஒரு கணினியில் ஓடிய 2400 வேக ராம்.

இந்த ஏமாற்று உடனே வெளிப்படாது. டிடிஆர்3, டிடிஆர்5 வகைகளின் வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருப்பதால் அவை டிடிஆர்4 ஸ்லாட்டில் உட்காரவே மாட்டா. ஆனால் மடிக்கணினிக்கான டிடிஆர்4 எந்த வேகத்தினதாக இருந்தாலும் அதே 260 பின்களோடுதான் வருகிறது. வேகம் குறைந்த ஒன்றைச் சேர்த்தால், கணினி எந்த எச்சரிக்கையும் தராமல், ஏற்கெனவே உள்ள நல்ல ராமையும் அந்த வேகத்திற்கு இறக்கிவிடுகிறது. ஏற்கெனவே இருந்த 8 ஜிபியோடு சேர்த்து விண்டோஸ் 24 ஜிபி என்று சரியாகவே காட்டியது. வேலைப்பளு கூடும்போதெல்லாம் விண்டோஸ் செயலிழந்து நீலத்திரை வரத் தொடங்கிய பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், 3200 இருக்க வேண்டிய இடத்தில் 2400 என்றிருந்தது.

ஒவ்வொரு ராமிலும் எஸ்பிடி என்னும் சிறு சில்லு ஒன்று உண்டு. தயாரிப்பாளர், பார்ட் எண், பெரும்பாலும் தயாரான வாரம், ஆண்டு ஆகியவை அதில் பதிவாகியிருக்கும். சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்த்தபோது, ஸ்டிக்கரில் இருந்த நிறுவனமும் உள்ளே இருந்த நிறுவனமும் வேறு வேறாக இருந்தன. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், தங்க முலாம் பூசிய பின்களில் பலமுறை செருகி எடுத்த கீறல்கள். ஓரம் தூக்கியிருந்த ஸ்டிக்கரின் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். ராமில் பிழை உண்டா என்று பார்க்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளின் சோதனையோ முதல் சுற்றிலேயே பிழைகளைக் கொட்டியது.

கடைக்காரர் முதலில், "சார், உங்க லேப்டாப் 3200-ஐ சப்போர்ட் பண்ணாது" என்றார். கணினியோடு வந்த ராமே 3200 என்று காட்டியதும், ஸ்டிக்கர் கிழிந்திருப்பதால் வாரண்டி செல்லாது என்று பேச்சை மாற்றினார். அவர் தந்தது ஜிஎஸ்டி பில் அன்று, வெறும் எஸ்டிமேட் சீட்டு. அதிலும் "ராம் 16 ஜிபி" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. வேறு ராம் தருவதாகவும் பணம் திரும்பக் கிடைக்காது என்றும் அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அவர் எடுத்து நீட்டிய மாற்று ராமும் உறையில்லாமல்தான் இருந்தது.

2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், பழையதற்குப் புதுச் சட்டை மாட்டி விற்பதில் லாபம் அதிகம். ஆகவே சீரியல் எண்ணும் பார்ட் எண்ணும் எழுதிய ஜிஎஸ்டி பில் தராத கடையில் வாங்காதீர்கள். முடிந்தால் மடிக்கணினியைக் கொண்டுபோய், அங்கேயே பொருத்தி எஸ்பிடி விவரத்தைப் பார்த்த பின் பணம் கொடுங்கள். எஸ்பிடியையும் மாற்றி எழுத வழி உண்டு என்பதால், திருப்பித் தரும் கெடுவுக்குள் ஓர் இரவு மெம்டெஸ்ட் ஓட்டிவிடுவது அவசியம்.

யுபிஐயில் பணம் செலுத்திய பதிவு, எஸ்பிடி விவரத்தின் ஸ்கிரீன்ஷாட், இரட்டை ஸ்டிக்கரின் புகைப்படம் ஆகியவற்றை வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து இதுவரை பதில் இல்லை.