ஸ்பீக்கர் செய்யச் சொல்லி முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஸ்பீக்கர் செய்து கொடுத்தவரின் பெயரும் ஊரும் இதில் வராது. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். அது முடிகிறவரை பெயரை இழுக்காதே என்று வக்கீல் நண்பர் சொல்லியிருக்கிறார். தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குத் திருச்சி. பத்து வருஷமாக ஒரு ஜோடி சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவன். தரையில் நிற்கிற டவர் ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வெளிநாட்டு ஸ்பீக்கர்களின் விலையைப் பார்த்தால், இறக்குமதி வரியும் டீலர் லாபமும் சேர்ந்து தலை சுற்றும். அந்த நேரத்தில் நண்பர் ஒருவர் மூலம் இந்த ஸ்பீக்கர் தயாரிப்பாளரைத் தெரிந்தது. சொந்தப் பட்டறை, தானே டிசைன், ஆர்டர் வந்தால்தான் செய்வார். ஜோடி 1,10,000 ரூபாய்.

சின்ன ஆள் என்பது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. ஸ்பெண்டார் என்று இன்று எல்லோரும் மரியாதையாகச் சொல்கிற இங்கிலாந்து ஸ்பீக்கர் கம்பெனியை 1969-ல் தொடங்கியவர் பிபிசியில் வேலை பார்த்த ஸ்பென்சர் ஹியூஸ். தன் பெயரின் முன்பாதியோடு மனைவி டோரத்தியின் பெயரில் பாதியைச் சேர்த்து வைத்த பெயர் அது. ஹார்பெத் என்ற இன்னொரு ஸ்பீக்கர் கம்பெனியும் அப்படித்தான், 1977-ல் அதே பிபிசியிலிருந்து வந்த ஹார்வுட் ஆரம்பித்தது. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து நடத்திய தொழில் உலகப் பெயர் வாங்கியிருக்கிறதே, நம்மூரில் ஒருவர் ஏன் செய்யக் கூடாது? இந்த நினைப்பில்தான் பஸ் ஏறினேன். இப்போதும் அந்த நினைப்பு தப்பு என்று சொல்ல மாட்டேன். நான் தப்பு செய்த இடம் வேறு.

அவர் வீட்டு முன்னறையில் டெமோ. நல்ல மனிதர், காபி கொடுத்தார், ஒரு மணி நேரம் கேட்க வைத்தார். மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தருகிற தொப்பிப் பக்கம் விழுகிற அடி அடிவயிற்றில் வந்து நின்றது. பாடகி நடுவில், வயலின் வலப்பக்கம், அப்படியே மேடை மாதிரி. ஸ்பீக்கரை ஓட்டுகிற ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அவருடையது, பாட்டுகள் அவர் தேர்ந்தெடுத்தவை. தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை எந்த ஒலி எவ்வளவு வருகிறது என்று அளந்த கிராஃப் இருக்கிறதா என்று கேட்டேன். “கிராஃப் எல்லாம் பேப்பர்ல பாக்கறதுக்குங்க சார், நான் காதாலயே ட்யூன் பண்றவன்” என்றார். அதைக் கேட்டு எனக்கு மரியாதை கூடியது. கூடியிருக்கக் கூடாது. ஒரு மைக்கும் இலவசமாகக் கிடைக்கிற, ஒலியை அளக்கிற ஆர்இடபிள்யூ (REW) மென்பொருளும் இருந்தால் யாரும் அளந்து காட்டலாம். காது கடைசியில் வரட்டும், ஆனால் அளக்கவே மாட்டேன் என்கிறவர் எதையோ அளக்க விரும்பவில்லை.

வாட்ஸ்ஆப்பில் விவரம் அனுப்பினார்: 8 ஓம் (இந்த எண் குறைந்தால் ஆம்புக்குச் சுமை கூடும்), நார்வேயில் செய்த சீயாஸ் கம்பெனி வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்), முன்பலகை 25 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), கிராஸ்ஓவரில் (தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்புகிற சர்க்யூட்) ஏர்-கோர் காயில், ஃபிலிம் கெபாசிட்டர் என்று நல்ல ரகப் பாகங்கள். முதலில் பாதிப் பணம். மூன்றாவது வாரம், “ட்ரைவர் இறக்கணும், மீதியும் போட்டு விட்டீங்கன்னா சீக்கிரம் முடிஞ்சுடுமுங்க” என்றார். ட்ரைவர் என்றால் பெட்டிக்குள் வைக்கிற வூஃபர் போன்ற ஒலி எழுப்பும் பாகம். போட்டேன். அவருடைய சொந்தக் கணக்குக்கு, யூபிஐ வழியாக, பில் இல்லாமல். பில் போட்டால் ஜிஎஸ்டி சேர்த்து வாங்க வேண்டியிருக்கும் என்றார், நானும் மிச்சம் பார்த்தேன். இதில் எனக்கும் பங்கு இருக்கிறது, மறைக்கவில்லை.

எட்டு வாரம் என்றது ஏழு மாதம் ஆனது. கார்பெண்டர் லீவு, வெனியர் தீர்ந்துவிட்டது, மழை, பாலிஷ் காயவில்லை. இதையெல்லாம் விரித்து எழுதி என்ன பயன், வீடு கட்டியவர்களுக்குத் தெரியாத சாக்கு எதுவும் இல்லை.

ஒருவழியாக பார்சல் லாரியில் வந்து இறங்கியது. பெட்டி பார்க்க அழகு, தேக்கு வெனியர், ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. இணைத்துப் பாட்டைப் போட்டேன். ஏதோ சரியில்லை. எது என்று சொல்லத் தெரியவில்லை. சத்தம் வருகிறது, பாட்டு வரவில்லை. பாடகர் நடுவில் உட்காரவே இல்லை, அறை முழுக்கக் கரைந்து போயிருந்தார். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரைத் தேட வேண்டியிருந்தது. அரை மணியில் ஆம்ப் தோசைக்கல்லாகச் சுட்டது, ஒரு மணியில் ப்ரொடெக்‌ஷனுக்குப் போய் நின்றுவிட்டது.

போன் செய்தேன். “புதுசுங்க சார், இருநூறு மணி நேரம் ஓட விடுங்க, செட் ஆயிடும்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். புது ஸ்பீக்கரில் அதிர்கிற கோனின் ஓரமும், அதை உள்ளிருந்து தாங்குகிற ஸ்பைடரும் ஆரம்பத்தில் கொஞ்சம் இளகும் என்பது உண்மை. அந்தச் சின்ன உண்மையின் மேல்தான் இவ்வளவு பெரிய சாக்கைக் கட்டுகிறார்கள். வேலைக்குப் போகிறவன் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கேட்டால் இருநூறு மணிக்கு நூறு நாள். மூன்று மாதம் கழித்துத் திருப்பித் தருகிறேன் என்றால் யார் வாங்குவார்கள்? அதற்குள் காதும் பழகிவிடும், நமக்கே நம் மேல் சந்தேகம் வந்துவிடும். நான் ஆபீஸ் போகும்போது ஆம்ப் சூடாகாத அளவுக்கு மெதுவாக வைத்து ஓட விட்டுவிட்டுப் போனேன். அம்மா இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏண்டா, நம்ம பழைய டேப் ரிக்கார்டர் இதைவிடத் தெளிவா பாடுமே” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. லட்ச ரூபாய் கொடுத்தவனிடம் அப்படிச் சொல்லலாமா!

கடைசியில் பாலக்கரையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரைக் கூட்டிவந்தேன். கல்யாணத்துக்கும் கோவில் திருவிழாவுக்கும் பாக்ஸ் கட்டுகிறவர், ஹைஃபை என்ற வார்த்தையில் அவருக்கு அக்கறை இல்லை. ஒரு பாட்டு முழுசாகக்கூடக் கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்திலிருந்து பென்சில் செல்லைக் கழற்றினார். ஆம்பிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, செல்லின் பிளஸ்ஸை இடது ஸ்பீக்கரின் சிவப்பு டெர்மினலிலும் மைனஸ்ஸைக் கறுப்பிலும் ஒரு தொடு தொட்டார். டப். வூஃபரின் கோன் வெளியே எம்பியது. வலதுக்கும் அதே மாதிரி. டப். கோன் உள்ளே போனது.

“பாத்தீங்களா தம்பி? ஒண்ணு மூச்சு விடுது, ஒண்ணு மூச்சு இழுக்குது. அப்புறம் எங்கிருந்து பேஸ் வரும்?”

ஒன்றின் உள்ளே பிளஸ், மைனஸ் ஒயரை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும், நடுவில் நிற்க வேண்டிய குரலும் சிதறிவிடும். இது இருநூறு மணி அல்ல, இருபதாயிரம் மணி ஓடினாலும் செட் ஆகாது. அப்புறம் மல்டிமீட்டரை வைத்தார், 3.3 ஓம். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் மீட்டரில் ஐந்தரை, ஆறு என்று காட்ட வேண்டும். 3.3 காட்டினால் அது 4 ஓம் சரக்கு. என் ஆம்ப் 6 ஓமுக்குக் கீழே வேண்டாம் என்று முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறது, பாவம் அது சூடாகாமல் என்ன செய்யும்.

அதற்குமேல் பொறுமை இல்லை, ஸ்க்ரூவைக் கழற்றினோம். வூஃபரின் மேக்னெட்டில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, ஸ்டிக்கரைச் சுரண்டிய பசை மட்டும் இருந்தது. முன்பலகையை ஸ்கேல் வைத்து அளந்தேன், 18 மி.மீ. கிராஸ்ஓவர் என்று பலகை எதுவும் கிடையாது. வூஃபருக்கு ஒயர் நேராகப் போகிறது, உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு நடுவில் 4.7 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிடிக் என்ற மலிவு ரகக் கெபாசிட்டர் ஒன்றே ஒன்று. ஆட்டோவில் பின்சீட்டுக்கு மேலே வைக்கிற ஸ்பீக்கரில் இருக்குமே, அதே ஏற்பாடு. உள்ளே தலையணைப் பஞ்சு.

போட்டோ அனுப்பியதும் பதில் உடனே வந்தது: “நீங்க திறந்துட்டீங்க சார், இனி வாரண்டி இல்லைங்க.”

அன்றிரவு தூக்கம் வராமல் போனில் டெமோ அன்றைக்கு எடுத்த படங்களைப் புரட்டினேன். ஒன்றில், சோபாவுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் பொட்டு மாதிரி நீல விளக்கு. தாழ்ந்த ஒலிக்கென்றே தனியாக வைக்கிற சப்வூஃபர் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த மிருதங்கத்தின் தொப்பி எங்கிருந்து வந்தது என்று இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன்.

மறுபடி வாங்குகிற நிலை வந்தால், என் ஆம்பையும் எனக்குத் தெரிந்த நாலு பாட்டையும் தூக்கிக்கொண்டு போவேன். சுற்றி இருக்கிற மற்ற எல்லாவற்றின் ப்ளக்கையும் பிடுங்கச் சொல்வேன். ட்ரைவரின் மாடல் எண் பில்லிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், பெட்டிக்குள் பொருத்துவதற்கு முன் அந்த எண் தெரிகிற மாதிரி படம் வர வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் கிடையாது, மீதி நேரில் கேட்டபிறகு. வரி மிச்சம் என்ற பேச்சே வேண்டாம். பார்சல் வந்தால் பிரிப்பதிலிருந்து வீடியோ, அன்றைக்கே பென்சில் செல், அன்றைக்கே மல்டிமீட்டர். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிஷ வேலை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: திறக்காதீர்கள். நான் செய்த அடுத்த தப்பு அது. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்துவையுங்கள். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாத எனக்கு வாட்ஸ்ஆப் பேச்சும் வங்கிக் கணக்கும்தான் சாட்சி. நல்லவேளை, ஒரு மெசேஜையும் அழிக்கவில்லை.

நோட்டீஸ் போனபிறகு ஒருமுறை அவரே கூப்பிட்டார். 20,000 திருப்பித் தருகிறேன், எங்கேயும் எழுத வேண்டாம் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒயரை மாற்றிக் கொடுத்தால் பாதியாவது சரியாகும் என்று அண்ணன் சொல்கிறார், ஆனால் இனி ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது என்று வக்கீல் உத்தரவு. அதனால் பழைய புக்‌ஷெல்ஃபே மறுபடி பாடுகிறது. டவர் இரண்டும் போர்வை போர்த்திக் கட்டில் பக்கத்தில் நிற்கின்றன. துவைத்து மடித்த துணியை அம்மா அதன் மேல்தான் வைக்கிறார், உயரம் சௌகரியமாக இருக்கிறதாம்.