கைப்பிடியைச் சுற்றி இயக்கும் அவசரகால வானொலி: கடலூரிலிருந்து ஒரு மதிப்புரை

தானே புயல் கரை கடந்த 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில், மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசிய காற்றில் கடலூரின் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. செல்போனும் ஓய்ந்துவிட்ட அந்த நாட்களில் ஊர் நிலவரத்தை எங்களுக்குச் சொன்னது, பக்கத்து வீட்டுப் பெரியவர் வைத்திருந்த பழைய டிரான்சிஸ்டர்தான். அந்த நினைவில்தான் 2024 அக்டோபரில், வானொலியும் டார்ச் விளக்கும் செல்போன் சார்ஜரும் ஒன்றாக அமைந்த இந்தக் கருவியை இணையத்தில் ஏறக்குறைய 2,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

அடுத்த மாதமே ஃபெஞ்சல் வந்தது. நவம்பர் 30ஆம் தேதி இரவு அது புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை; இந்த விளக்கின் வெளிச்சத்தில்தான் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். காற்று அடங்கியதும் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைத்துவிட்டோம். ஆனால் டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோரப் பகுதிகள் மூழ்கின. புயல் போன பிறகும் மேற்கே பெய்த மழை ஆற்றின் வழியாக நம்மைத் தேடி வரும் ஊர் இது என்பதால், காலை 6.45 மணி மாநிலச் செய்தியைத் தவறவிடாமல் கேட்க ஒரு கருவி இருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பண்பலையும் மத்திய அலையும் தெளிவாகவே எடுக்கின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். 'வானிலை அலைவரிசை' என்று பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருப்பது அமெரிக்காவின் வானிலைத் துறை ஒலிபரப்பும் 162 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இங்கே அதில் இரைச்சல் மட்டுமே கேட்கும். இந்தியாவில் விற்கும்போது அதை ஒரு சிறப்பாகக் காட்டுவது சரியல்ல; நம்பி வாங்குகிறவர் உண்மையான ஆபத்து நேரத்தில் அதைத் திருகிக்கொண்டிருப்பார். மேலே பதித்துள்ள சூரியத் தகடு உள்ளங்கை அளவுகூட இல்லை. புயல் மேகம் மூடிய நாட்களில் அதனால் பயனில்லை. உள்ளிருக்கும் 2,000 எம்ஏஎச் பேட்டரி, இன்றைய 5,000 எம்ஏஎச் செல்போனுக்குப் பாதிகூட ஏற்றாது. கைப்பிடியைச் சுற்றிச் செல்போனுக்கு உயிர் கொடுத்துவிடலாம் என்று எண்ணி இதை வாங்க வேண்டாம்: நான் கை ஓயும் வரை சுற்றியும் சார்ஜ் ஒரு விழுக்காடுதான் கூடியது. அதே உழைப்பில் வானொலி சிறிது நேரம் பாடும், விளக்கு எரியும். கைப்பிடியின் பயன் அவ்வளவுதான்.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது, விளம்பரத்தில் ஒரு மூலையில் மட்டும் குறிப்பிடப்பட்ட வசதி. டிவி ரிமோட்டுக்குப் போடும் சிறிய செல் மூன்று போட்டாலும் இது இயங்குகிறது. அந்தச் செல்களைக் கருவிக்குள்ளேயே விட்டு வைத்தால் கசிந்து அரித்துவிடும் என்பதால், தனியே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் அட்டை நகல்களும் மாத்திரைகளும் உள்ள பையிலேயே வைத்திருக்கிறேன். உள் பேட்டரிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றுகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் முழுமையாக ஏற்றிவிடுவேன். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணை எழுதிக் கருவியின் பின்புறம் ஒட்டியிருக்கிறேன். இருட்டில் முதலில் கைக்கு வருவது இந்தக் கருவிதான்.