ஸ்டாண்ட்பை நாளுக்கு ஏற்ற அறையா? நங்கநல்லூர் விமானப் பணியாளர் விடுதி

நங்கநல்லூரில், பழவந்தாங்கல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், விமானப் பணியாளர்களுக்கு மட்டும் அறைகளை மாத வாடகைக்கு விடும் ஒரு மாடி வீடு இருக்கிறது. வாய்வழியாகவே ஆள் சேர்ந்துவிடுவதால் பெயர்ப் பலகைகூட வைக்காத உரிமையாளர், இந்த மதிப்புரையிலும் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். குடும்பத்தைத் திருநெல்வேலியில் வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்து குறுந்தொலைவு பறக்கும் சிறிய ஏடிஆர் விமானங்களில் துணை விமானியாக வேலை பார்க்கும் நான் இந்த வீட்டில் தங்கிவருகிறேன். கட்டில், ஏசி, சாப்பாடு என்று மற்ற விடுதிகளை எடைபோடுவதுபோல் இதை எடைபோட்டால் போதாது. ரோஸ்டர் எனும் பணிப் பட்டியலில் ஸ்டாண்ட்பை என்று விழுந்திருக்கும் நாளில் அந்த அறையில் தூங்க முடிகிறதா, கூப்பிட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடிகிறதா என்ற இரண்டையும் வைத்துத்தான் இதற்கு மதிப்பெண் போட வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் ஸ்டாண்ட்பை என்றால் பாதி விடுமுறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாருக்கோ காய்ச்சல், எங்கோ ஒரு விமானம் தாமதம், ஒருவருடைய பணி நேரம் முடிந்துவிட்டது என்று ஏதாவது ஒரு காரணத்தால் இருக்கை காலியானால் உடனே போய் உட்காருவதற்காக, சீருடையைத் தேய்த்து மாட்டிவைத்துவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாள் அது. இந்தக் காத்திருப்பை மணிக்கணக்காகத் தெளிவாக எழுதிவைத்திருப்பது, விமானிகளின் பணி, ஓய்வு நேரங்களுக்காக 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் 117ஆம் பகுதி விதிகள். வீட்டிலோ விடுதியிலோ இருந்தபடி குறுகிய நேர அழைப்புக்குக் காத்திருப்பது ஒரே மூச்சில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அப்படிக் காத்திருந்தவரை அழைத்தால், காத்திருக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து 16 மணி நேரம், அல்லது பணி தொடங்கும் நேரத்தையும் ஏறி இறங்கும் எண்ணிக்கையையும் வைத்து அந்த விதிகளின் அட்டவணை அனுமதிக்கும் பணி நேரத்துடன் 4 மணி நேரம் சேர்த்து, இவற்றில் எது குறைவோ அதற்குள் அவருடைய பணி முடிந்தாக வேண்டும். விமான நிலையத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தால் அந்த நேரம் முழுவதும் பறக்கும் பணி நேரத்திலேயே சேர்ந்துவிடும். காலை 4 மணிக்குக் காத்திருக்கத் தொடங்கிய ஒருவரைப் பிற்பகல் 1 மணிக்கு ரிப்போர்ட் செய்யச் சொல்லி நான்கு முறை ஏறி இறங்கும் பணியைக் கொடுத்தால், அட்டவணை 12 மணி நேரம் அனுமதித்தாலும் அவர் இரவு 8 மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். அதாவது கையில் மிச்சமிருப்பது ஏழே மணி நேரம். காத்திருப்பும் களைப்புதான் என்று ஒப்புக்கொள்ளும் கணக்கு இது.

அந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 அன்று நூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் நிறுவனத்தின் கியூ400 விமானம் விழுந்ததில், தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். விமானம் வேகம் இழப்பதாக எச்சரிக்கை வந்தபோது கேப்டன் அதற்கு நேர்மாறாகச் செயல்பட்டதே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. ஆனாலும் துணை விமானி முந்தைய இரவு முழுவதும் சியாட்டிலிலிருந்து நாட்டின் குறுக்கே பயணம் செய்து வந்திருந்தார் என்பதும், கேப்டன் பணியாளர் ஓய்வறையில் இரவைக் கழித்திருந்தார் என்பதும் அந்த விசாரணையில்தான் வெளியே வந்தன. சிறு விமான நிறுவனங்களின் விமானிகள் எங்கே தூங்குகிறார்கள் என்று ஒரு நாடே கேட்டது. ஒரு வாடகை அறையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத எனக்குத் தோன்றியதற்கும் அந்தக் கேள்விதான் காரணம்.

நம் நாட்டில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ 2024 ஜனவரியில் திருத்திய பணி நேர விதிகள், டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை என்று நீண்டது. ஒரு விமானி இரவில் விமானத்தைத் தரையிறக்கக்கூடிய எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. போதிய விமானிகளை முன்கூட்டியே சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானங்கள் ரத்தாகி விமான நிலையங்களில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பயணிகள் பார்த்துவிட்டார்கள். தூத்துக்குடி, சேலம் என்று குறுந்தொலைவு பறப்பவர்களுக்கு ஒரே நாளில் பல முறை ஏறி இறங்க வேண்டியிருப்பதால், விதிப்புத்தகம் கொடுக்கும் ஓய்வு உண்மையான தூக்கமாக மாறுகிறதா என்பதுதான் பெரிய விஷயம்.

பகல் தூக்கத்துக்கு இந்த வீடு எடுத்திருக்கும் அக்கறை பாராட்டத்தக்கது. ஜன்னல்களுக்கு இரட்டைத் திரை போட்டிருக்கிறார்கள். உள்திரை கருப்பு ரெக்சின் என்பதால் பார்வைக்குச் சுமார்தான், ஆனால் பங்குனி வெயில்கூட உள்ளே வராது. மாடிப்படியின் கீழ் ஒரு கரும்பலகை தொங்குகிறது. அறை எண்ணுக்கு நேரே ‘2 மணி வரை எழுப்பக் கூடாது’ என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவிட்டால், பெருக்க வரும் அக்கா அந்தத் தளத்தில் வாளியைக்கூட வைக்க மாட்டார். பெரிய நட்சத்திர விடுதிகளில் கதவில் அட்டை மாட்டிய பிறகும் மினரல் வாட்டர் கொடுக்கக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். இங்கே அது நடந்ததில்லை. தெருவை மட்டும் உரிமையாளரால் ஒன்றும் செய்ய முடியாது. மார்கழி மாதத்தில் விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கிவிடும். பக்தியில் எனக்குக் குறை இல்லை என்றாலும், பின்னிரவில் பணி முடித்து வந்து படுத்தவனுக்கு அது ஏற்ற நேரம் அல்ல.

பெரிய குறை கைபேசி சிக்னல். வீட்டிலேயே அமைதியான அறை தரைத்தளத்தின் பின்புறம் இருப்பது. மூன்று பக்கமும் சுவர், தெருச் சத்தம் அறவே இல்லை. ஸ்டாண்ட்பைக்கு மிகவும் பொருந்தாத அறையும் அதுவே, ஏனென்றால் கட்டிலில் படுத்தால் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. வைஃபை வழியாக அழைப்பு வரும் என்று உரிமையாளர் சொல்வது உண்மைதான். ஆனால் மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் விளக்கும் மின்விசிறியும்தான் ஓடுகின்றன, ரவுட்டர் அணைந்துவிடுகிறது. பணி ஒதுக்கும் பிரிவான க்ரூ ஷெட்யூலிங்கிலிருந்து வரும் அழைப்பை எடுக்காவிட்டால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டிய வேலையில், இது சில்லறைக் குறை அல்ல. ரவுட்டரையும் இன்வெர்ட்டரில் இணைக்க ஒரு எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலைகூட இல்லை. பல முறை சொல்லியும் ‘பார்த்துக்கலாம் சார்’ என்பதே பதிலாக இருக்கிறது. ஸ்டாண்ட்பை அதிகம் வரும் புதியவர்கள் மாடியில் கிழக்குப் பார்த்த அறையைக் கேட்டு வாங்குவது நல்லது. அங்கே ரயில் சத்தம் கேட்கும், ஆனால் அழைப்பு தப்பாது.

போக்குவரத்தில் இந்த இடத்தை அடித்துக்கொள்ள முடியாது. ரிப்போர்ட்டிங்குக்கு நிறுவனத்தின் கார் வந்துவிடும் என்றாலும், திடீர் அழைப்பில் அந்தக் கார் மடிப்பாக்கத்தில் ஒருவரை ஏற்றிக்கொண்டு வர நேரமாகிவிடுவதுண்டு. அதிகாலை 3 மணிக்கு மெட்ரோ ஓடாது. அந்த மாதிரி நேரங்களில் வாசலிலேயே நிற்கும் காவலாளி அண்ணன் தெரிந்த ஆட்டோக்காரரை எழுப்பிவிடுகிறார். விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் போக அந்த நேரத்தில் பத்து நிமிடம் போதும். கனமழையில் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் மட்டும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், ஐப்பசி, கார்த்திகையில் அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. காரம் குறைவு, அதிகாலையில் கிளம்புபவர்களுக்கு முந்தைய இரவே ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி வைத்துவிடுகிறார்கள். புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்கும் குளியலறைப் பையில் ஆரம்பத்தில் ஒரு மவுத்வாஷ் புட்டியும் இருந்தது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், பற்பசை ஆகியவற்றை விமானப் பணியாளர்கள் பயன்படுத்தக் கூடாது என்று டிஜிசிஏ 2023இல் விதி கொண்டுவந்திருப்பதையும், பறக்கும் முன் நடக்கும் மூச்சுப் பரிசோதனையில் அது ஒருவருடைய உரிமத்துக்கே வினையாகிவிடும் என்பதையும் சொன்னதும், அன்று மாலையே எல்லாப் பைகளிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

இருவர் பகிரும் அறைக்கு மாதம் 9,500 ரூபாய், தனி அறைக்கு 15,000, மின்கட்டணம் தனி. பகிர்வு அறை மலிவு என்று எடுப்பவர்கள், ஒருவர் இரவுப் பணி முடித்து வரும் நேரத்தில் இன்னொருவரின் அலாரம் அடிக்கும் என்பதை யோசித்துக்கொள்ள வேண்டும்; என்னைக் கேட்டால், ஸ்டாண்ட்பை உள்ள மாதத்தில் தனி அறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணில்லை. முன்பணம் இரண்டு மாத வாடகை. காலி செய்யும்போது வெள்ளையடிப்பதற்கென்று அதில் ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்ளும் சென்னை வழக்கம் இங்கேயும் உண்டு, எனவே சேரும் நாளிலேயே அதைப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.