யிஷிங் கெண்டியா, பீங்கான் கைவானா?

சீனத் தேநீர் பக்கம் புதிதாக வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி இது. என் பதில் கைவான்தான், யிஷிங் மண்கெண்டி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கைவான் என்றால் மூடி, கிண்ணம், அடித்தட்டு மூன்றும் சேர்ந்த, தேயிலை ஊறவைக்கிற பாத்திரம். ஜியாங்ஷி மாகாணத்து ஜிங்தேஜன் பீங்கான் கிடைத்தால் ரொம்ப நல்லது. சுமார் 1300 டிகிரியில் சுட்டு, மேலே கண்ணாடிபோல் பூச்சு ஏற்றியிருப்பதால் வாசனை எதையும் இழுத்துக்கொள்ளாது. காலையில் லோங்ஜிங் பச்சைத் தேயிலை, மாலையில் புகைவாசம் தூக்கலான லாப்சாங் என்று மாற்றி மாற்றிப் போட்டாலும் நடுவில் வெந்நீரில் ஓர் அலசு போதும். மூடியின் உட்புறத்தை மோந்து பார்த்தாலே இலையின் தரம் தெரிந்துவிடும். மட்டமான இலையென்றால் அதையும் மறைக்காது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

விரல் சுடும் என்பது உண்மை. விளிம்பு வெளிப்பக்கம் விரிந்த, 100 முதல் 120 மில்லி பிடிக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பில், ஆள்காட்டி விரல் மூடியின் குமிழில். தண்ணீரை விளிம்புவரை நிரப்பாதீர்கள். மூடியைக் கொஞ்சம் நகர்த்தி, அந்த இடுக்கு வழியாக வடித்தால் இலை உள்ளேயே நின்றுவிடும்.

யிஷிங் ஜியாங்சு மாகாணத்தில், தாய் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிங் அரசவம்சக் காலத்திலிருந்தே அங்கே கெண்டி செய்கிறார்கள். சக்கரத்தில் வனைவதில்லை, மண்ணைத் தகடாகத் தட்டி, வளைத்து, பலகையால் அடித்தடித்து உருவம் கொண்டுவருவதுதான் மரபு. பூச்சில்லாத மண், நுண்துளைகள் உண்டு, சூட்டையும் நன்றாகப் பிடித்துவைக்கும். பூஅர், வறுத்த ஊலாங் போன்ற தேயிலைகளின் முரட்டுத்தனம் இதில் அடங்கி, தேநீர் வழவழப்பாக இறங்கும். ஆனால் அந்தத் துளைகள் வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பதால் சோப்பு படக்கூடாது, ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலை. தினமும் எதைக் குடிப்போம் என்று இன்னும் முடிவாகாதவருக்கு இது எதற்கு? மலிவு விலையில் அசல் மண், முழுக்கக் கைவேலை என்று யாராவது விற்றால் நம்பவே வேண்டாம்.

ஜப்பானின் சென்சா பச்சைத் தேநீர் மட்டும்தான் குடிப்பேன் என்றால் இரண்டும் வேண்டாம். ஆவியில் அவித்த அந்த இலை எளிதில் நொறுங்கி, கைவான் இடுக்கு வழியாகக் கோப்பைக்கு வந்துவிடும். அதற்கு டோகோநாமே ஊரின் க்யூசு கெண்டிதான் சரி: பக்கவாட்டில் கைப்பிடி, மூக்கின் உட்புறம் மண்ணிலேயே செய்த பொடிக்கண் சல்லடை. கம்பிவலை வைத்ததை விட்டுவிட்டு மண் சல்லடை உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.