கூட்டா, பெருக்கா: எதை முதலில் பிடிப்பது?

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டின் வளவில் உட்கார்ந்து அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது மாலையில் என் வேலை. பாடப்புத்தகத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் அதே எண் கூடிக்கொண்டே போகும் கூட்டுத் தொடர்வரிசை முதலில் வரும், அதே எண்ணால் பெருகிக்கொண்டே போகும் பெருக்குத் தொடர்வரிசை பிறகு. வட்டித் தொழிலுக்காகப் பர்மா வரை போன ஊர்க்காரர்கள் நாம், வட்டியில் தொடங்கினால் சட்டென்று பிடிபடும் என்று எண்ணிப் பெருக்கை முன்னால் இழுத்தேன். ஒரு வாரத்தில் கைவிட்டேன்.

கவிழ்த்தது ஒரு சொல். "கூட்டு வட்டி என்றால் கூட்டுத் தொடர்வரிசைதானே, அம்மான்?" என்றாள். இல்லை. ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் தனி வட்டி என்றால் 1,12,000, 1,24,000, 1,36,000 என்று ஏறும். ஒவ்வோர் ஆண்டும் அதே 12,000 கூடுவதால் இதுதான் கூட்டு. கூட்டு வட்டியில் 1,12,000, 1,25,440 என்று ஒவ்வொரு முறையும் 1.12 ஆல் பெருகும். பெயரில் கூட்டு, நடப்பில் பெருக்கு! இரண்டாம் ஆண்டில் வித்தியாசம் வெறும் 1,440 ரூபாய்தான். பத்தாம் ஆண்டு முடிவில் அது 90,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

பொது வித்தியாசம், பொது விகிதம் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பதில் பெரிய சிரமமில்லை. ஒன்றில் கழிக்க வேண்டும், மற்றதில் வகுக்க வேண்டும். எனக்கு முக்கியம் வேறு: தேர்வறையில் உறுப்புகளின் கூடுதலுக்கான சூத்திரம் மறந்துபோனால் அதைத் திரும்பச் செய்துகொள்ள முடியுமா?

கூட்டில் முடியும். தரையிலேயே காட்டினேன். சதுரமான ஓர் ஆத்தங்குடித் தரைக்கல்லின் மேல் ஒரு புளியங்கொட்டை. அதை ஒட்டி 'ட' வடிவில் மூன்று கற்களில் மூன்று, அதைச் சுற்றி ஐந்து, பிறகு ஏழு. ஆறு சுற்று முடிந்தபோது பக்கத்துக்கு ஆறு கல் கொண்ட சதுரம், 36 கொட்டைகள். முதலும் கடைசியும் சேர்ந்தால் 12, அதில் பாதி 6, உறுப்புகளும் 6. பெருக்கினால் அதே 36. எல்லாக் கூட்டுத் தொடருக்கும் இப்படிச் சதுரம் அமையாது. ஆனால் முதலையும் கடைசியையும் சேர்த்துப் பாதியாக்கி எண்ணிக்கையால் பெருக்குவது எதற்கும் பொருந்தும். கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதிய நூலிலும் இதே விதி இருக்கிறது. பொது வித்தியாசம் குறையெண்ணானாலும் பூஜ்ஜியமானாலும் இது பழுதாகாது.

பெருக்குச் சூத்திரம் அப்படியில்லை. விகிதம் ஒன்றானால் பின்னத்தின் கீழே, பகுதியில், பூஜ்ஜியம் வந்து நிற்கும். அதற்கென்று தனியாக ஒரு விதி. அடுக்கு எண்ணிக்கையா, அதில் ஒன்று குறைவா என்ற தடுமாற்றம் வேறு. உறுப்பைக் கேட்டால் ஒன்று குறைவு, கூடுதலைக் கேட்டால் முழு எண்ணிக்கை. அவள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினாள்.

பெருக்குக்கு ஒரு பெருமை உண்டு. அரை, கால், அரைக்கால் என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனாலும் கூடுதல் ஒன்றில் அடங்கும். கூட்டுத் தொடரால் இது ஆகாது, உறுப்புகள் அத்தனையும் பூஜ்ஜியமாக இருந்தாலொழிய. ஆனால் இந்தப் பகுதியை நான் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இருவருமே கேள்வி கேட்கவில்லை. அதனால் இங்கே என் தீர்ப்பை அப்படியே நம்ப வேண்டாம்.

கூட்டு முடிந்த பிறகு பெருக்குக்குத் திரும்பினோம். இம்முறை வட்டியை எடுக்கவில்லை. கல்லுக்குக் கல் இரட்டிப்பாக அவளே கொட்டைகளை அடுக்கினாள்: 1, 2, 4, 8. எட்டாவது கல்லில் 128 குவிந்து பக்கத்துக் கல்லுக்குச் சரிந்தது. ஒன்பதாவதுக்கு 256 வேண்டும், பல்லாங்குழி டப்பாவில் ஒரு கைப்பிடிதான் மிச்சம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "அடுத்த கல்லுக்கு வேண்டியது, இதுவரை வைத்தது எல்லாம் சேர்த்து, மேலே ஒன்று. அப்படித்தானே, அம்மான்?"

கூட்டிப் பார்த்தேன். 255.