கவுச்சி படாத அத்தோ: பர்மா பஜார் வண்டிகள் எப்படி?

வடசென்னையில் எந்தக் கடையில் போய் "வெஜ் இருக்கா?" என்று கேட்டாலும் இருக்கு என்றுதான் பதில் வரும். பரோட்டாக் கடையில் அதற்கு அர்த்தம், பீஸ் விழாமல் கரண்டியைச் சாய்த்துச் சால்னா ஊற்றுவார்கள் என்பது. பிரியாணிக் கடையில் அர்த்தம் குஸ்கா. இரண்டுமே கறியோடு ஒரே அண்டாவில் வெந்தவை. பர்மிய நூடுல்ஸ் கலவையான அத்தோ விற்கும் வண்டியில் அதே பதிலுக்கு அர்த்தம், "முட்டை போட மாட்டேன்" என்பது மட்டும்தான். ஆனாலும் இந்த மூன்றில் சைவம் சாப்பிடுகிறவர் நம்பி நிற்கக்கூடியது அத்தோ வண்டிதான். குஸ்காவிலிருந்து கறியைப் பிரிக்க முடியாது. அத்தோவிலோ பிரிக்க ஒன்றுமே இல்லை, சேர்க்காமல் இருந்தால் போதும்.

கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் பக்கம் நிற்கும் வண்டிகளைப் பற்றியது இந்த மதிப்பீடு. வியாசர்பாடியில் கிடைக்கும் அத்தோவுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். கைப்பக்குவம் வண்டிக்கு வண்டி மாறும், செய்முறை மாறாது. அதனால் எந்த ஒரு கடையின் பெயரையும் சொல்லவில்லை.

பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கையால் பிசைந்து கலந்தது. 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் வியாபாரமும் அரசுடைமை ஆனபின் தமிழ்க் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்குத் திரும்பின. அவர்களோடு வந்த சாப்பாடு இது. பர்மாவில் இதே கலவையில் காய்ந்த இறால் பொடியும் மீன் சாறும் சர்வசாதாரணமாகச் சேரும். இங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் புளித்தண்ணீரும் பொரித்த வெங்காயமும் பார்க்கின்றன. "பெரும்பாலும்" என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

வண்டியில் நடுவே ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குவியல். சுற்றிலும் மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், கொத்தமல்லி, டப்பாவில் பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், வறுத்த மிளகாய்த்தூள், கடலை மாவு, உப்பு, நொறுக்கிப் போட பேஜோ என்ற மொறுமொறு பொரியல் தட்டை. ஓரத்தில் அவித்த முட்டை. பின்னால் அடுப்பில் வாழைத்தண்டு சூப். ஆள் கேட்டதும் எல்லாவற்றையும் ஒரு பேசனில் அள்ளிப் போட்டு, புளித்தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து தட்டில் வைத்துவிடுவார்கள். சூடு கிடையாது. சூடெல்லாம் சூப்பில்.

நூடுல்ஸைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். மைதா நூடுல்ஸில் முட்டை சேர்த்ததும் உண்டு, சேர்க்காததும் உண்டு. வண்டிக்காரர் பாக்கெட்டைக் காட்டினால் ஒரு நொடியில் முடிந்துவிடும்: பழுப்பு முக்கோணம் இருந்தால் முட்டையோ வேறு புலாலோ இருக்கிறது, பச்சை வட்டம் என்றால் இல்லை. ஆனால் பச்சை வட்டத்துக்குள் பாலும் தேனும் அடங்கும் என்பதை, அவற்றையும் தொடாத வீகன் ஆட்கள் மறக்கக் கூடாது. ஆரஞ்சு நிறம் கலர்ப்பொடியால் வருவது. சைவத்துக்கு அதனால் குறைவில்லை, நாக்கு சிவப்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அஜினோமோட்டோ எலும்பிலிருந்து எடுப்பது என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். கரும்புப் பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றை நொதிக்கவைத்து எடுக்கும் உப்பு அது. 1908இல் ஜப்பானில் அதை முதலில் பிரித்தெடுத்ததே கடற்பாசியிலிருந்துதான்.

கவனமெல்லாம் சூப்பின் மேல் இருக்கட்டும். பர்மாவில் மொயிங்கா என்பது மீன் கரைந்த குழம்பு. அதில் வாழைத்தண்டு கூட வருவதுதான். சென்னையில் மீன் போய் வாழைத்தண்டே தலைவனாகிவிட்டது. வெங்காயம், இஞ்சி பூண்டு, மஞ்சள், மிளகு, கெட்டியாக்கக் கொஞ்சம் மாவு, அவ்வளவுதான் அடிப்படை. ஆனால் மீன் இறங்கும் காசிமேடு துறைமுகம் கூப்பிடு தூரம். ருசிக்காக ஒரு பிடி சென்னாகுனி, அதாவது பொடி இறால், போட ஒருவர் நினைத்தால், வெந்தபின் அது கண்ணுக்கே தெரியாது. சிக்கன் அத்தோவும் விற்கிற வண்டியாக இருந்தால் கறி வேகவைத்த தண்ணீர் அதில் போயிருக்கலாம். மோந்து பார்த்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்: வெறும் வாழைத்தண்டு சூப்பில் மிளகும் பூண்டும்தான் மூக்கில் ஏறும், துளி இனிப்பு இருக்கும். மேலே பொன்னிறக் கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்து, ஆறும்போது உதட்டில் ஒட்டினால் சந்தேகப்படலாம். ஆனால் மேலாகப் பூண்டு எண்ணெய் ஊற்றியிருந்தாலும் வட்டம் மிதக்கும், அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

வீகன் ஆட்களுக்கு இந்தச் சூப்பில் இன்னொரு கண்ணி, யாரும் யோசிக்காதது. நறுக்கிய வாழைத்தண்டு கறுக்காமல் இருக்க மோர்த்தண்ணீரில் போட்டுவைப்பது நம் வீட்டு வழக்கம். வண்டிக்கு அண்டா அண்டாவாக நறுக்குகிறவர்கள் வெறும் தண்ணீரிலும் போடலாம், மோரிலும் போடலாம். வடித்து எடுத்துவிட்டால் ருசியில் தெரியாது. "மோர்ல போட்டு வெச்சீங்களா?" என்று கேட்டால் சமைக்கத் தெரிந்தவர் என்ற மரியாதையோடு பதில் வரும். வீட்டில் செய்கிறவர்கள் மோருக்குப் பதில் எலுமிச்சையோ புளியோ கரைத்த தண்ணீரில் போடலாம், கறுக்காது. வட்டமாக நறுக்கும்போது ஒவ்வொரு வில்லையிலும் இழுபடும் நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்ட வண்டியில் சூப் குடித்தால் பல் இடுக்கில் நூல் நூலாக நிற்கும். இந்தத் தெருச் சூப்பில் அடிக்கடி காணும் குறை இதுதான்.

அடுத்தது பேசன். முட்டை அத்தோவில் அவித்த முட்டையைக் கையாலேயே உடைத்துப் பிசைவார்கள். மஞ்சள் கரு பேசனின் அடியில் ஒட்டும், அதே பேசனில்தான் அடுத்த தட்டு கலப்பார்கள். முட்டை பேஜோ இன்னும் வில்லங்கம். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் மிளகாய்த்தூளும் அடைத்து, புளித்தண்ணீர் விட்டு ஒரே வாயில் போடுவது அது. முட்டையைப் பிடித்த கை வெங்காய டப்பாவுக்குள் போய் வரும். சரக்கில் முட்டை இல்லாமல் இருந்தால் போதும் என்பவருக்கு இது பொருட்டில்லை. முட்டை பட்டதே ஆகாது என்பவர் கூட்டம் சேருமுன், வண்டி போட்ட சுருக்கில் போக வேண்டும். அப்போதுதான் டப்பா நிரம்பி இருக்கும், பேசன் காய்ந்திருக்கும், கலக்கிறவருக்குக் காதுகொடுக்க நேரமும் இருக்கும். ஏழு மணிக் கூட்டத்தில் போய் "பேசனைக் கழுவுங்க" என்றால் பின்னால் நிற்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கேட்கிற வார்த்தையில்தான் சூட்சுமம். "வெஜ்" என்றால் பீஸ் இல்லை, முட்டை இல்லை. "சைவம்" என்றால் ஏதோ கோயிலுக்குப் போகிறவர் என்று நினைப்பார்கள். "கவுச்சி" என்ற நம்மூர்ச் சொல்லில் மீனும் கறியும் முட்டையும் மட்டுமில்லை, அதன் வாடையும் பட்ட கையும் கரண்டியும் எல்லாம் அடக்கம். "அண்ணா, கவுச்சி படாம ஒண்ணு குடுங்க. சூப்புல கூனி, கறித்தண்ணி ஏதாச்சும் சேர்த்திருக்கா? பேஜோ பொரிச்ச எண்ணெய் தனியா?" இவ்வளவு கேட்டால் போதும். விரதக்காரர்களுக்குக் கலந்து கொடுத்துப் பழகியவர் என்றால் உடனே புரிந்துகொண்டு பேசனை அலசி எடுப்பார். புரட்டாசியில் இது இன்னும் சுலபம். வீகன் ஆட்கள் மோர்க் கேள்வியை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். நெய், வெண்ணெய் பற்றிக் கேட்க வேண்டியதில்லை, அத்தோ வண்டியில் அவற்றுக்கு இடமே இல்லை.

இதைச் சௌகார்பேட்டையோடு வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். என்.எஸ்.சி. போஸ் சாலையில் நேரே மேற்கே போனால் அந்தப் பேட்டையின் மிண்ட் தெரு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது சொர்க்கம், எதையும் கேட்காமல் வாயில் போடலாம். வீகன் ஆளுக்கோ அங்கே ஒவ்வொரு தட்டிலும் விசாரணை: பாவ்பாஜியில் வெண்ணெய், முறுக்கு சாண்ட்விச்சில் துருவிய சீஸ், ஜிலேபி மாவைப் புளிக்கவைக்கத் தயிர், கச்சோரி மாவில் நெய்யா டால்டாவா என்ற கேள்வி. சந்தேகமில்லாமல் தேறுவது பானிபூரி. கறி வாசனையே இல்லாத தெருவில் திண்டாடுகிற வீகன், முட்டை அடுக்கிய வண்டியின் முன்னால் நான்கு கேள்வியில் வயிறு நிறைத்துக்கொள்கிறார். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களுக்கு மட்டும் கதை தலைகீழ். அவர்கள் மிண்ட் தெருவோடு நின்றுகொள்ளலாம், அத்தோவில் அவை இரண்டையும் எடுத்துவிட்டால் புளித்தண்ணீரில் நனைந்த நூடுல்ஸ்தான் மிஞ்சும்.

ருசியைப் பொறுத்தவரை முட்டை இல்லாத அத்தோதான் மேல். முட்டையின் மஞ்சள் கரு புளிப்பை மழுக்கிக் கலவையை மாவாக்கிவிடுகிறது. இல்லாதபோது பூண்டும் புளியும் காரமும் தனித்தனியாகத் தெரியும், முட்டைக்கோஸ் நறுக்கென்று கடிபடும். பேஜோவை ஒன்றுக்கு இரண்டாக நொறுக்கிப் போடச் சொல்லுங்கள், முட்டை விட்ட இடத்தை அது நிரப்பும். பூண்டு கருகிய எண்ணெய் என்றால் முதல் வாயிலேயே கசக்கும். அதைப் புளி விட்டுச் சரிசெய்ய முடியாது, அந்த வண்டியை விட்டுவிட வேண்டியதுதான். முட்டைக்கோஸிலும் வெங்காயத்திலும் முன்கூட்டியே உப்புப் போட்டிருந்தால் தண்ணீர் விட்டுத் தட்டு சதசதவென்று ஆகிவிடும். நல்ல வண்டியில் உப்பு கடைசியில்தான் விழும். ஒரு தட்டில் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பங்கு மைதா, புரதம் என்று சொல்ல அந்தக் கொஞ்சம் கடலை மாவுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இதை மட்டும் நம்பினால் பத்து மணிக்குப் பசிக்கும். கூட ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பார்சல்தான் பலவீனம். கலந்து அரை மணி நேரத்தில் நூடுல்ஸ் புளித்தண்ணீரைக் குடித்து ஊறிவிடும், பேஜோ நமத்துப்போகும். வாங்குவதானால் கலக்காமல் தரச் சொல்லுங்கள்: நூடுல்ஸும் காயும் ஒரு பாத்திரத்தில், புளித்தண்ணீர் தனியாக, பேஜோவும் பொரித்த வெங்காயமும் காகிதத்தில். வீட்டில் நூடுல்ஸ் கட்டியாக ஒட்டியிருந்தால் சுடவைக்காதீர்கள், குழைந்துவிடும். ஒரு ஸ்பூன் எண்ணெய் தொட்டு விரலால் உதிர்த்தால் பிரிந்துவிடும். இன்னொரு லாபம், வீட்டுப் பேசனில் நீங்களே கலப்பதால் முட்டைக் கவலை பாதி தீர்ந்தது.

தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துப் பரிமாறுகிற பழக்கம் தெருக்கடைகளை விட்டு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தாகிவிட்டது. அது போக, சுடச்சுடச் சூப்பைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்குவது யாருக்குமே நல்லதல்ல. வீட்டிலிருந்து ஒரு சம்புடமும் தூக்கும் எடுத்துப்போங்கள். தூக்கை நீட்டினால் சூப் பெரும்பாலும் ஒரு கரண்டி கூடவே விழும்.