ரியோபா வாள்: ஒரு கொழும்பு பிளாட்டில் சில வருடப் பாவனை

ரியோபா என்ற ஜப்பானியக் கைவாளைச் சில வருடங்களாக வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் பல்கனியில் வைத்துப் பாவிக்கிறேன். புத்தக றாக்கை, செருப்புத் தட்டு, பழைய கதவுப் பலகையில் ஒரு மேசை என்று எல்லாம் வீட்டளவு வேலைதான். வாங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் நல்லதையும் கெட்டதையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர், ஏனென்றால் என்ன வாங்குகிறோம் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. ‘ரியோ’ என்றால் இரு பக்கமும். ‘ஹா’ என்றால் அலகு; சொற்கள் சேரும்போது அது ‘பா’ ஆகிறது. தகட்டின் ஒரு ஓரத்தில் மரத்தை நீளவாக்கில் கிழிக்கும் பெரிய பற்கள், மறு ஓரத்தில் குறுக்கே அறுக்கும் சின்னப் பற்கள். ஒரு ஓரத்தில் மட்டும் பல் இருந்தால் அது கத்தபா. கடைகளில் இவை எல்லாமே ‘ஜப்பான் வாள்’தான், ஆகவே பெயரைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. என்னுடையது 240 மில்லிமீட்டர், அவர்களுடைய பழைய அளவில் ஏறத்தாழ 8 சுன். வீட்டு வேலைக்கு இது போதும்.

இரண்டு ஓரத்துக்கும் வேலை வேறு. நீளவாக்குப் பல்லின் நுனி தட்டையானது, நாரை உளி மாதிரிக் கொத்தி எடுக்கும். குறுக்குப் பல் கூரானது, நாரை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டுத்தான் தூளை வெளியே தள்ளும். பக்கம் மாறி அறுத்தால் உடனே தெரியும்: குறுக்கே அறுக்க வேண்டிய இடத்தில் பெரிய பல்லை வைத்தால் விளிம்பு பிய்ந்து போகும், நீளவாக்கில் சின்னப் பல்லை வைத்தால் தூள் அடைத்துக்கொண்டு வாள் நகராது. நல்ல ரியோபாவில் பெரிய பற்களும் கைபிடிப் பக்கம் சிறுத்து வரும். வெட்டை அங்கே தொடங்கினால் துள்ளாது.

அப்புறம், இது இழுக்கும்போது அறுக்கிற வாள். நீளவாக்கு அறுப்புக்கு ‘தத்தேபிகி’, குறுக்கறுப்புக்கு ‘யோகோபிகி’ என்று சொல்வார்கள். இரண்டிலும் வருகிற ‘பிகி’ இழுப்பதுதான். தள்ளி அறுக்கிற வாளின் தகடு வளையாமல் நிற்க அது தடிப்பாக இருக்க வேண்டும். இழுக்கும்போது தகடு தானாகவே விறைத்து நிற்பதால் மெல்லிசாகச் செய்யலாம். என் வாளின் தகடு அரை மில்லிமீட்டர் அளவுதான், வெட்டின் அகலமும் ஒரு மில்லிமீட்டரை எட்டாது. தூள் குறைவு, கைக்கு அலுப்பும் குறைவு.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் கதவு யன்னல் வேலை செய்யும் ஓடாவியார் ஒருவர் பார்த்துவிட்டு, “இதென்ன தம்பி, மீன் முள்ளு மாதிரி ரெண்டு பக்கமும் பல்லு?” என்றார். கையில் எடுத்ததும் வழக்கப்படி தள்ளினார், தகடு வில்லாக வளைந்தது. “தள்ளாதேங்கோ அண்ணை, இழுங்கோ” என்றேன். நிலத்தில் குந்தி, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு இழுக்கத் தொடங்கியவர் கொஞ்ச நேரத்தில் என்னைவிட நேராக அறுத்தார். வைஸ் பூட்டிய மேசை இல்லாத வீட்டுக்கு இது பெரிய வசதி. பதிந்த ஸ்டூலில் பலகையை வைத்து முழங்காலால் அமத்தினால் சரி.

சத்தமும் இல்லை. பின்னேரம் ஜிக்சோ என்ற மின்வாளைப் போட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். இதற்கு இதுவரை யாரும் வந்ததில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களிலும் என் வேலை நிற்கவில்லை.

இனிக் குறைகள். இந்த வாள் சுகி, ஹினோகி போன்ற மென்மையான ஜப்பானிய மரங்களை அறுத்த பழக்கத்தில் உருவானது. நம் மரக்காலைகளில் கிடைப்பது அப்படியா? தேக்கும் மகோகனியும் பிரச்சினை இல்லை. பலாவும் நன்றாகப் போகும், ஆனால் காயாத பலகை என்றால் பால் தகட்டில் ஒட்டும், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து அறுக்க வேண்டும். முதிரையைக் குறுக்கே அறுக்கலாம், பொறுமை வேண்டும். நீளவாக்கில் அறுக்க நான் விடமாட்டேன், நீண்ட மெல்லிய பல் முறியும். தென்னையின் வெளிப்புறத்து வைரமும் அப்படித்தான். அதையெல்லாம் மரக்காலையிலேயே மெஷினில் கிழித்துக்கொண்டு வருவது புத்தி.

அடுத்த குறை அந்த இரட்டை அலகிலேயே இருக்கிறது. ஆழமாக அறுக்கும்போது மேலே இருக்கிற பற்களும் வெட்டுக்குள் இறங்கி, அறுத்த முகத்தைக் கீறும். பின்னால் சீவுளி போடுகிற இடமென்றால் பரவாயில்லை, மூட்டு வேலையில் அது வெளியே தெரியும். மூலைக்குள், சுவரோரம் வேலை செய்யும்போதும் சும்மா இருக்கிற பக்கம்தான் எதையாவது பதம் பார்க்கும், சில நேரம் விரலை. சன்னமான மூட்டுக்கு முதுகுப்பட்டை வைத்த தோசுகி என்ற ஜப்பானிய வாளே சரி. ஆனால் முதுகு இடிப்பதால் அது ஆழம் போகாது.

கடற்காற்றும் ஒரு தொல்லை. காலி வீதிக்குக் கடல் பக்கம் இருப்பவர்கள் வாளைத் துடைக்காமல் வைத்தால் மறுநாளே செம்புள்ளி தெரியும். ஜப்பானில் கமேலியா எண்ணெய் பூசுவார்களாம், நான் தையல் மெஷின் எண்ணெய்தான் பூசுகிறேன்.

தீட்டுகிற கதையையும் சொல்ல வேண்டும். இப்போது கடைக்கு வரும் ரியோபாக்களில் பெரும்பாலானவற்றின் பல் நுனி மின்சூட்டால் இறுக்கப்பட்டது, கருநீலமாகத் தெரியும். அதில் அரம் வழுக்கும், அதனால் மழுங்கினால் தகட்டையே மாற்ற வேண்டும். புறக்கோட்டைக்கு அருகே பழைய சோனகத் தெருவில் வாள் கிடைத்தாலும் அதே மாதிரித் தகடு எப்போதும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். வாங்கும்போதே மாற்றுத் தகடு ஒன்றையும் சேர்த்து எடுங்கள்.

என் வாளில் குறுக்குப் பக்கம்தான் முதலில் மழுங்கியது, பெரிய பல் இன்னும் புதிது போல இருக்கிறது. நீளவாக்கு வேலையெல்லாம் மரக்காலைக்குப் போய்விடுகிறதே, வேறென்ன ஆகும்? உங்கள் வேலையும் அப்படியென்றால் கத்தபா போதும், மேலே பல் இல்லாததால் கீறலும் இல்லை. நீளவாக்கிலும் கையாலேயே அறுப்பவர்கள் ரியோபா எடுங்கள். மழுங்கிய தகட்டை எறியாதீர்கள். பல்லை வெட்டி நீக்கிவிட்டு ஓரத்தை நேராக்கினால் பலகை மேற்பரப்பைச் சுரண்டி மழமழப்பாக்க நல்ல தகடு.